பூனை நஜீஸ் அல்ல. அதன் மலம் நஜீஸ்!

(சோளிங்கரில் நடைபெற்ற சுகாதார விழிப்புணர்வுக் கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பூனையைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா?" என்று நோட்டீஸைப் பார்த்துச் சிலர் சிரித்திருப்பீர்கள். வக்ஃபு சொத்துக்களைப் பற்றியும் இட ஒதுக்கீட்டைப் பற்றியும் முழங்க வேண்டிய மேடையில் பூனைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். கேட்பது நியாயம்தான். ஆனால் கால்நடை மருத்துவனான என்னிடம் சில வருடங்களாகப் பூனையைத் தூக்கிக் கொண்டு வருகிறவர்களைக் காட்டிலும், பூனையைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் அதிகமாகி விட்டார்கள். அவர்களில் பலர் கொண்டு வருவது ஒரே கேள்வி.

"டாக்டர், மருமகளுக்குக் கரு தங்கவில்லை. டார்ச் டெஸ்ட் எடுத்தோம். பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. அவள் தாய் வீட்டில் பூனை வளர்த்தார்களாம். அங்கிருந்து வாங்கிக் கொண்டு வந்த நோய்தான் இது என்கிறார்கள். உண்மையா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கை தொங்கிக் கொண்டிருக்கிறது. கருவை இழந்த துக்கத்தில் இருப்பவளின் தலையில், நோயைச் சுமந்து வந்தவள் என்ற பழியும் ஏறுகிறது. ஆகவே சகோதரர்களே, பூனையைப் பற்றிப் பேசத்தான் வேண்டும்! எது உண்மை, எது கட்டுக்கதை, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று பிரித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வயிற்றுக்குள்ளே யார் யார்?

தெருப்பூனையின் குடலில் வசிக்கும் ஒட்டுண்ணிகள் பல. நமக்கு முக்கியமானவை மூன்று நான்குதான்.

முதலாவது உருண்டைப்புழு. டாக்ஸோகாரா கேட்டை என்பது அதன் பெயர். நூடுல்ஸ் போல வெளுப்பாக, சில அங்குல நீளம் வரை இருக்கும். தாய்ப்பூனையின் பால் வழியாகவே குட்டிக்குப் போய் விடும். ஆகவே தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இது இருக்கும் என்றே வைத்துக் கொள்ளுங்கள். வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு துருத்திக் கொண்டு நிற்கும் குட்டிகளைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு ஒரு காரணம் இதுதான். பூனையின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் கண்ணுக்குத் தெரியாது. வெளியே வந்தவுடன் அவை யாருக்கும் தீங்கு செய்யாது. ஈர மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும் சக்தி பெறும். அதன் பிறகு மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட மண்ணிலேயே காத்திருக்கும்.

அந்த மண்ணில் விளையாடிய பிள்ளை கையை வாயில் வைத்தால் முட்டை உள்ளே போகிறது. குடலில் பொரிக்கிறது. மனித உடம்பில் இந்தப் புழுவால் முழு வளர்ச்சி அடைய முடியாது. வழி தவறிய பயணியைப் போல அதன் இளம்புழு ஈரலுக்கும் நுரையீரலுக்கும் அலையும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், இருமல், ஈரல் வீக்கம் வரும். மிகச் சிலருக்கு அது கண்ணுக்குள் போய் விடும். அங்கேதான் ஆபத்து!

1950ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹெலனர் வைல்டர் என்ற பெண்மணி, புற்றுநோய் என்று கருதி அறுவை செய்து எடுக்கப்பட்ட குழந்தைகளின் கண்களை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். 46 கண்களைப் பார்த்ததில் 24 கண்களுக்குள் புழுவின் மிச்சம் இருந்தது! நாயிடமும் பூனையிடமும் இருக்கும் இந்த இனப் புழுக்கள்தான் அதற்குக் காரணம் என்பது பின்னால் தெளிவாயிற்று. இன்று ஸ்கேன் இருக்கிறது, ரத்தப் பரிசோதனை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. எனவே பிள்ளைக்குத் திடீரென்று மாறுகண் தெரிந்தாலோ, ஒரு கண் பார்வை மங்கினாலோ, கருவிழிக்குள் வெண்மை தெரிந்தாலோ எண்ணெய் விடுவது, மந்திரிப்பது என்று நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

அடுத்தது கொக்கிப்புழு. இது நம் பகுதியோடு நேரடித் தொடர்புள்ளது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1911ஆம் ஆண்டில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, இலங்கையில் ஒரு புனுகுப்பூனையின் குடலிலிருந்து எடுத்த கொக்கிப்புழுவைப் புதிய இனம் என்று விவரித்தார். சிலோன் என்ற நாட்டின் பெயரையே வைத்து அதற்கு ஆன்சைலோஸ்டோமா செய்லானிக்கம் என்று பெயர் சூட்டினார். இதே லூஸ்தான் அதற்கு முன்பே எகிப்தின் கெய்ரோ நகரில் ஆய்வு செய்து கொண்டிருந்தபோது, இளம்புழுக்கள் இருந்த நீரைத் தவறுதலாகத் தன் கையில் சிந்திக் கொண்டு, தோல் அரித்துச் சிவந்ததையும், பிறகு தன் மலத்திலேயே முட்டைகள் தென்பட்டதையும் கவனித்தவர். கொக்கிப்புழு வாய் வழியாக மட்டுமல்ல, தோலைத் துளைத்துக் கொண்டும் உள்ளே வரும் என்று உலகம் அறிந்தது இப்படித்தான்.

இலங்கைப் பெயர் கொண்ட அந்தப் புழு நாய்க்கும் பூனைக்கும் உரியது. மனிதனுக்கு எப்போதாவது வரும் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். ஆனால் 2015ஆம் ஆண்டில் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், தமிழகத்தின் மலைவாழ் மக்களின் குழந்தைகளிடமே இந்தப் புழு இருப்பதை மரபணுப் பரிசோதனை மூலம் கண்டறிந்தார்கள். சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் மனிதக் கொக்கிப்புழுவின் முட்டையும் இதன் முட்டையும் ஒன்று போலவே இருக்கும். எனவே எத்தனை பேருக்கு மிருகங்களிடமிருந்து வந்தது என்று வெறும் மலப் பரிசோதனையில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தப் புழு குடலில் பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கும். பூனைகளிடம் உள்ள வேறு சில கொக்கிப்புழுக்கள் மனிதத் தோலுக்குள் நுழைந்து, உள்ளே போக வழி தெரியாமல் தோலுக்கு அடியிலேயே ஊர்ந்து திரியும். காலிலோ இடுப்பிலோ சிவப்புக் கோடு ஒன்று பாம்பு போல வளைந்து வளைந்து நாளுக்கு நாள் நீளும், இரவெல்லாம் அரிக்கும். படர்தாமரை என்று நினைத்துக் களிம்பு தடவிக் கொண்டிருப்பார்கள். சில நாள் மாத்திரையில் தீரக் கூடியது அது.

நாடாப்புழுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூனை படுத்த இடத்தில் வெள்ளரி விதை போல, அரிசி போல நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். தெள்ளுப்பூச்சியை விழுங்கினால்தான் அது பிள்ளைகளுக்கு வரும். வந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. மருத்துவரிடம் சொன்னால் அதற்கென்று தனி மாத்திரை தருவார்.

உலகுக்குச் செருப்பு, நமக்கு வெறுங்கால்!

இங்கே ஓர் உண்மையைச் சொல்லாமல் போனால் நான் பூனைக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். நம் வட்டாரத்தில் கொக்கிப்புழுவைப் பரப்புவதில் முதல் குற்றவாளி பூனையல்ல, மனிதன்!

வாலாஜாவையும் ஆற்காட்டையும் தாண்டினால் வருகிறது திமிரி. அந்தத் திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் சேர்த்து, சுமார் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மக்களை 40 தொகுதிகளாகப் பிரித்து, குடற்புழு ஒழிப்பு ஆய்வு ஒன்றை வேலூர் சி.எம்.சி. நடத்தியது. டீவார்ம்3 என்று பெயர். ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளிலும் இதே ஆய்வு நடந்தது. 2018லிருந்து மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு இரு முறை, பாதித் தொகுதிகளில் குழந்தைகளுக்கு மட்டுமல்லாமல் வீட்டிலுள்ள எல்லோருக்கும் மாத்திரை தரப்பட்டது. அங்கே காணப்பட்ட புழுக்களில் மிகப் பெரும்பாலானவை கொக்கிப்புழுதான். அதற்கு முன் ஜவ்வாது மலையில் 2013ல் வெளியான இன்னொரு ஆய்வில் நூற்றுக்கு 38 பேருக்குக் கொக்கிப்புழு இருந்தது. திறந்த வெளியில் மலம் கழிப்பதும், அந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்பதும்தான் இதற்கு அடிப்படை. நாயும் பூனையும் அதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கின்றன.

நண்பர்களே! ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை நம்முடைய ஆண்களும் பெண்களும் தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் பாடுபடுகிறார்கள். ஐரோப்பாக்காரன் காலுக்குப் போடும் ஷூ இங்கே தைக்கப்படுகிறது. தைக்கிற கையின் பிள்ளை மாலையில் வீட்டுக்குப் பின்னால் வெறுங்காலோடு ஓடுகிறது! காலையில் அம்மா கம்பெனி வேனில் ஏறிப் போனால் இருட்டின பிறகுதான் திரும்புகிறார். பாட்டிதான் பிள்ளையைப் பார்த்துக் கொள்கிறார். அது எந்த மண்ணில் உட்கார்ந்தது, கையில் எதை எடுத்து வாயில் வைத்தது என்று பாவம், அவர் எங்கே ஓடி ஓடிப் பார்ப்பார்?

மண் தின்னும் பிள்ளையைச் சிலர் அடிக்கிறார்கள். அடிக்காதீர்கள்! ரத்தசோகை உள்ள பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் அதிகமாகக் காணப்படுகிறது. ரத்தசோகைக்கு ஒரு காரணம் கொக்கிப்புழு. ரத்தம் குறைந்த பிள்ளை மண்ணைத் தேடுகிறது. தின்ற மண்ணில் உருண்டைப்புழுவின் முட்டை இருக்கிறது. ஒரு புழு இன்னொரு புழுவுக்குக் கதவைத் திறந்து விடுகிறது. அந்தப் பிள்ளைக்குத் தேவை அடியல்ல. புழு மாத்திரையும் இரும்புச்சத்தும்.

கருச்சிதைவும் டார்ச் டெஸ்டும்

இப்போது முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். தாய்மார்கள் கவனமாகக் கேளுங்கள். மாமியார்கள் இன்னும் கவனமாகக் கேளுங்கள்!

டாக்ஸோபிளாஸ்மா என்பது புழுவல்ல. புழுவைவிட மிக நுண்ணிய ஓரணு உயிர். 1908ல் வட ஆப்பிரிக்காவின் டூனிஸ் நகரில் ஒரு வகைக் கொறிவிலங்கிடம் முதன் முதலில் பார்த்தார்கள். எல்லா மிருகங்களிடமும் பறவைகளிடமும் இருக்கிறதே, எங்கிருந்துதான் பரவுகிறது என்று அறுபது வருடங்களுக்கு மேல் தெரியாமலே இருந்தது. பூனையின் குடலில்தான் இது தன் இனப்பெருக்கத்தை முடிக்கிறது, பூனை மலத்தில்தான் இதன் நுண்முட்டைகள் வெளியாகின்றன என்று 1970ல் நிரூபித்தார்கள். நிரூபித்தவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்து இங்கேயே கால்நடை மருத்துவம் படித்த ஜே.பி. துபே. எங்கள் தொழில்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மன்னித்துக் கொள்ளுங்கள்.

இந்தக் கிருமி பூனைக்கு எப்படி வருகிறது? எலியைத் தின்பதால் வருகிறது. பச்சை இறைச்சியைத் தின்பதால் வருகிறது. முதன் முறை தொற்றும்போது ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை லட்சக்கணக்கான நுண்முட்டைகளைப் பூனை மலத்தில் விடும். பிறகு நின்று விடும். பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறைதான் இப்படி. வெளியான முட்டையும் உடனே தொற்றாது. ஒன்று முதல் ஐந்து நாள் ஆக வேண்டும். பூனையைத் தொடுவதால் வராது, மடியில் வைப்பதால் வராது, பூனையின் மூச்சுக் காற்றால் வராது. மலம் பட்ட மண் வழியாக, கழுவாத கீரை, கொத்தமல்லி வழியாக, அசுத்தமான தண்ணீர் வழியாக வரும். அதே போல், நன்றாக வேகாத இறைச்சி வழியாகவும், பச்சை இறைச்சி அரிந்த கத்தியிலும் பலகையிலும் அப்படியே வெங்காயம் அரிவதாலும் வரும். பூனையே இல்லாத வீட்டுக்கும் வரும் என்பது இதிலிருந்தே விளங்கும்! பிரியாணிக்குப் பயப்பட வேண்டாம், அது நன்றாக வெந்து விடுகிறது. வெளியே கருகி உள்ளே சிவந்திருக்கும் கபாபைக் கர்ப்பிணிகள் ஒதுக்கி விடுவது நல்லது.

ஆரோக்கியமானவர்களுக்கு இது வந்தால் பெரும்பாலும் லேசான காய்ச்சல், நெறி கட்டுதல், அவ்வளவே. அதுகூடப் பலருக்குத் தெரியாது. அதன் பிறகு ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் வாழ்நாள் முழுவதும் இருக்கும். 2014ல் வெளியான தேசிய ஆய்வு ஒன்றில், பிள்ளை பெறும் வயதிலுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 22 பேர் அளவில் இந்த எதிர்ப்புப் பொருள் இருந்தது. தென்னிந்தியாவில் அதைவிடவும் அதிகம்.

டார்ச் என்ற பெயரின் முதல் எழுத்தே டாக்ஸோபிளாஸ்மாவைத்தான் குறிக்கிறது. அந்த டெஸ்டில் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்று இரண்டு இருக்கும். ஐ.ஜி.ஜி. மட்டும் பாசிட்டிவ் என்றால் என்ன பொருள்? எப்போதோ, சிறு வயதிலோ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதோ, இந்தக் கிருமி வந்து போயிருக்கிறது. உடம்பு அதை வென்று விட்டது என்பது பொருள். இந்தப் பெண் நோயாளி அல்ல. இன்னும் சொல்லப் போனால், அடுத்த கர்ப்பத்துக்கு இந்தக் கிருமியிடமிருந்து பாதுகாப்புப் பெற்றவள்! அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக் கொண்டு அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்புகிறீர்களே, இது எந்த நியாயம்? அதே டெஸ்டைக் கணவனுக்கும் மாமியாருக்கும் எடுத்துப் பார்த்தால் அவர்களில் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ் வரும் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

ஆபத்து எப்போது? கர்ப்பமாக இருக்கும்போது முதன் முறையாகத் தொற்றினால்தான். அப்போது கரு கலையலாம்; பிறக்கும் குழந்தைக்குக் கண்ணிலும் மூளையிலும் பாதிப்பு வரலாம். இது உண்மையான ஆபத்து, மறைக்க முடியாது. ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்றால் அதை உறுதி செய்து கொள்ள மேல் பரிசோதனை உண்டு. உறுதியானால் கொடுக்க மருந்தும் உண்டு. ஐ.ஜி.எம். சிலருக்கு மாதக்கணக்கில் இருந்து கொண்டே இருக்கும் என்பதால் அதை மட்டும் பார்த்தும் முடிவு கட்டக் கூடாது. மகப்பேறு மருத்துவர் சொல்லட்டும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டாம். மற்றபடி, ஒரு பெண்ணுக்கு இரண்டு மூன்று முறை தொடர்ந்து கரு கலைகிறது என்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. சர்க்கரை, தைராய்டு, கர்ப்பப்பை அமைப்பு, கணவன் மனைவி இருவரின் குரோமோசோம் என்று பார்க்க வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. பூனையின் மேல் பழியைப் போட்டு விட்டால் அந்த உண்மையான காரணத்தைத் தேடாமலே விட்டு விடுவோம்.

தண்ணீர் வழியாகவும் வரும் என்றேன். கோயம்புத்தூரில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணில் டாக்ஸோபிளாஸ்மா தொற்றோடு வந்தவர்கள் 248 பேர்! வழக்கத்துக்கு மாறாக ஒரே காலத்தில் இத்தனை பேர் வந்ததால், நகராட்சிக் குடிநீர்த் தேக்கம் அசுத்தமாகி இருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயுற்றார்கள். கனடாவின் விக்டோரியா நகரிலும் 1995ல் இப்படி நடந்தது. அங்கும் நகரக் குடிநீர்த் தேக்கத்தின் மீதுதான் சந்தேகம் விழுந்தது. குளோரின் போட்டால் இந்த நுண்முட்டை சாகாது. வடிகட்ட வேண்டும் அல்லது கொதிக்க வைக்க வேண்டும். நம் ஊர் மேல்நிலைத் தொட்டிகளுக்கு மூடி சரியாக இருக்கிறதா? உங்கள் வீட்டு மாடியில் இருக்கும் தொட்டிக்கு இருக்கிறதா? மூடி உடைந்து போனதற்குப் பதில் பழைய தகரத்தைச் சாத்தி, மேலே செங்கல் வைத்திருக்கும் வீடுகள் எத்தனை!

சாக்குப்பையில் கட்டினால் தீருமா?

இவ்வளவும் கேட்ட பிறகு, "அப்படியானால் ஊரிலுள்ள பூனைகளை எல்லாம் பிடித்து எங்காவது விட்டு விடலாமே" என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். விஷம் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பூனையைப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை மதரஸாவில் ஓதாத பிள்ளை உண்டா? அது ஒரு பக்கம். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி அது குற்றம், அது இன்னொரு பக்கம். நான் சொல்ல வருவது மூன்றாவது பக்கம்: அது பலிக்காது!

தெருவில் வருடக்கணக்காக இருக்கும் கிழட்டுப் பூனை, கிருமியை ஏற்கெனவே பெற்று, முட்டைகளை விட்டு முடித்த பூனை. பெரும்பாலும் அதனிடமிருந்து டாக்ஸோபிளாஸ்மா வராது. அதை நீங்கள் அப்புறப்படுத்தினால், அதன் இடத்துக்கு எங்கிருந்தோ இளம்பூனைகள் வரும், குட்டி போடும். முதன் முறை எலி பிடிக்கும் அந்த இளம்பூனைகள்தான் முட்டைகளை அள்ளி இறைப்பவை. பழையதைத் துரத்திப் புதிய ஆபத்தை விலைக்கு வாங்கிய கதையாகும். குப்பையும் கறிக்கழிவும் இருக்கும் வரை பூனை வந்து கொண்டேதான் இருக்கும்.

ஆகவே விஷயம் கறிக்கடையில் இருக்கிறது! கறிக்கடை சகோதரர்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது. இரவில் கடை கட்டும்போது ஜவ்வும் குடலும் கொழுப்பும் வாசலிலேயே வீசப்படுகின்றன. பூனைக்கு இரை போட்ட நன்மை என்று நினைத்தே பலர் போடுகிறார்கள். ஆனால் அந்த ஆட்டின் சதைக்குள் டாக்ஸோபிளாஸ்மா உறைந்து கிடந்தால், பச்சையாகத் தின்னும் பூனைக்கு அது போகிறது. பூனை போய் வைக்கோல் போரிலும் தீவனத் தொட்டியிலும் மலம் கழிக்கிறது. அதைத் தின்ற ஆடு குட்டியைக் கலைத்து விடுகிறது. செம்மறியிலும் வெள்ளாட்டிலும் குட்டி கலைவதற்கு இந்தக் கிருமி பெயர் போனது. ஆடு வளர்ப்பவருக்கு நஷ்டம். அந்த ஆடு மறுபடி கறிக்கடைக்கு வருகிறது. வட்டம் முடிந்து விட்டது! இந்த வட்டத்தை அறுக்கக் கத்தி இருப்பது கறிக்கடைக்காரர் கையில்தான். மூடி போட்ட டப்பாவில் கழிவைச் சேருங்கள். பூனைக்கு இரை போடுவதென்றால் வேக வைத்துப் போடுங்கள். குர்பானி நாட்களில் கழிவை ஆழக் குழி தோண்டிப் புதைப்பதை ஜமாஅத்தே பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும்.

இன்னொன்று. மார்க்க விஷயம் என்பதால் ஆலிம்கள் முன்னிலையில் அடக்கத்தோடு சொல்கிறேன். பூனை வாய் வைத்த தண்ணீர் ஷாஃபி மத்ஹபில் சுத்தமானது. ஹனஃபி மத்ஹபில், வேறு தண்ணீர் இருக்கும்போது அதைத் தவிர்ப்பது நல்லது என்ற அளவோடு நிற்கிறது. ஆனால் பூனையின் மலமும் சிறுநீரும் நஜீஸ் என்பதில் இரண்டு மத்ஹபிலும் கருத்து வேறுபாடு இல்லை. நான் இதுவரை சொன்ன நோய்களும் மலத்தின் வழியாக வருபவைதான், எச்சிலின் வழியாக அல்ல. இதை வைத்து "பார்த்தீர்களா விஞ்ஞானத்தை!" என்று மேடையில் தொடை தட்ட நான் வரவில்லை. மார்க்கம் மார்க்கமாக இருக்கட்டும், மருத்துவம் மருத்துவமாக இருக்கட்டும். பூனை பிரியமானது என்பதற்காக அதன் மலத்தையும் பொருட்படுத்தாமல் விடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அதற்கு இரண்டிலுமே இடமில்லை என்றுதான் சொல்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வீட்டில் பூனை இருந்தால் அது மலம் கழிக்கும் மண் தட்டைத் தினமும் அப்புறப்படுத்துங்கள். தினமும் என்று அழுத்திச் சொல்கிறேன். 24 மணி நேரத்துக்குள் எடுத்து விட்டால் டாக்ஸோபிளாஸ்மாவும் முதிராது, உருண்டைப்புழுவின் முட்டையும் முதிராது. கர்ப்பிணி அதைச் செய்யக் கூடாது. வீட்டில் ஆண்கள் எதற்கு இருக்கிறோம்? கர்ப்பிணிக்காகப் பூனையை வெளியேற்ற வேண்டியதில்லை, வேலையை மாற்றிக் கொண்டால் போதும். வீடு கட்டக் கொட்டி வைத்த மணல், எம்.சாண்ட் குவியல்தான் தெருப்பூனைகளுக்குப் பிரியமான கக்கூஸ். பிள்ளைகளுக்குப் பிரியமான விளையாட்டு மைதானமும் அதுதான். மாலையானதும் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். தோட்டத்து மண்ணைக் கிளறிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கீரையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

குட்டிகளுக்குப் பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்தே புழு மருந்து கொடுக்கலாம். கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு வாருங்கள், எடை பார்த்துத் தருவார்கள். நீங்களாக வீட்டிலிருக்கும் மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். நாம் காய்ச்சலுக்குச் சாப்பிடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையிலேயே செத்துப் போகும். அப்புறம், பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக் கொள்ளுங்கள். வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியதல்ல.

2015லிருந்து தேசியக் குடற்புழு நீக்க நாள் நடத்தப்பட்டு வருகிறது. 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். "மாத்திரை போட்டால் மயக்கம் வருமாம்" என்ற வதந்தியைக் கேட்டு அன்றைக்குப் பிள்ளையை லீவு போட வைக்கும் பெற்றோர் நம்மில் உண்டு. புழு அதிகமுள்ள பிள்ளைக்கு லேசான வயிற்று வலியோ குமட்டலோ வரலாம். கொஞ்ச நேரத்தில் சரியாகி விடும். பள்ளிக்கூடம் போகாமல் முழு நேர மதரஸாவில் தங்கி ஓதும் பிள்ளைகள் இதில் விடுபட்டுப் போக வாய்ப்புண்டு. மதரஸா நிர்வாகிகள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

நகராட்சியிடம் நாம் கேட்க வேண்டியவையும் சில உண்டு. கறிக்கடைக் கழிவை எடுக்கத் தினமும் தனி வண்டி வேண்டும். குடிநீர்த் தொட்டிகள் எல்லாவற்றுக்கும் மூடி வேண்டும். கழிப்பறை இல்லாத தெருக்களுக்குக் கழிப்பறை வேண்டும். கால்நடைத் துறையோடு சேர்ந்து, தெருப்பூனைகளுக்குக் குடற்புழு நீக்கமும் கருத்தடையும் செய்ய ஆண்டுக்கொரு முகாம் வேண்டும். இவற்றை எழுதிய மனு வாசலில் மேசை மேல் இருக்கிறது. பெயரும் தெருவும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பெண்கள் பக்கமும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறோம். தங்கள் தெருவில் எந்தத் தொட்டிக்கு மூடி இல்லை என்று தெரிந்தவர்கள் அதையும் பெயருக்குப் பக்கத்திலேயே குறித்து விடுங்கள்.